வைத்தியரிடம் கடைசியிற் சொல்லும் விஷயம்

அறுபது வயதைக் கடந்த ஆண்மகன் ஒருவர் வைத்தியரிடம் சென்றால், தம் உபாதைகளை ஒரு வரிசைப்படியே கூறுவார். முதலில் முழங்கால் நோவு, அடுத்து அசீரணம், அதன்பின் இரவில் இரண்டு மூன்று முறை எழும்பிச் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் தொல்லை. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவிற் கை வைத்த பின்னர்தான், "இன்னொரு விஷயம், டாக்டர்..." என்று தயங்குவார். வெளியே இருபது பேர் காத்திருப்பர். தாதி அருகிலேயே நிற்பார். "சரி, பிறகு வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் "பிறகு" பல வேளைகளில் வருவதேயில்லை.

இவ்வாரம் அந்த இன்னொரு விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன். வயோதிபத்தில் ஆண்மை ஓமோன் குறைவதும், அதனை ஊசியாலோ களிம்பாலோ ஈடுசெய்யும் சிகிச்சையும், அதுபற்றி வைத்தியருடன் எவ்வாறு பேசுவது என்பதுமே பொருள். குடும்பப் பகுதியில் இவையெல்லாம் எழுதத் தகுமா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். குடும்பத்தில் நிகழ்வதைக் குடும்பப் பகுதியில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? பாட்டனார் வாய்திறவாமல் வைத்திருக்கும் ஒரு குறை, சில வேளைகளில் அவருடைய இருதயம் முன்கூட்டி அனுப்பும் செய்தியாகவும் இருக்கக்கூடும் என்பதை அறிந்தோர், இதனை வெட்கத்துக்குரியதென்று ஒதுக்கமாட்டார்.

டெஸ்டோஸ்டெரோன் என்பது ஆணின் விதைகளிற் பெரும்பாலும் உண்டாகும் ஓமோன். சிறுவனின் குரல் தடிப்பதும், மீசை அரும்புவதும், தசையும் எலும்பும் உரம் பெறுவதும் இதனாலேயே. விதைகள் தம் எண்ணப்படி இதனைச் சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியும், அதற்கு மேலே பரிவகக்கீழ் எனப்படும் பகுதியும் ஏவல் கொடுக்க, அந்த ஏவலுக்கேற்ப அவை சுரக்கின்றன. குருதியில் ஓமோன் போதிய அளவு சேர்ந்ததும் ஏவல் தணிகிறது; குறைந்ததும் மீண்டும் வலுக்கிறது. தோட்டத்துப் பாத்தி நிறைந்ததென்று கீழே நிற்பவர் குரல் கொடுத்ததும், மேலே துலா மிதிப்பவர் நின்றுவிடுவாரல்லவா? அதே ஒழுங்குதான். இந்தத் துலாவை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஓமோன் சில ஆண்டுகளுக்குள் பெருமளவு அற்றுப்போகிறது. ஆண்களுக்கு அவ்வாறன்று. நாற்பது வயதை அண்டியும் அதன் பின்னரும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்ற அளவில் மெல்லக் குறைந்துகொண்டே செல்லும். எண்பது வயதிலும் இளைஞரின் அளவோடு இருப்போர் உளர். ஐம்பதிலேயே வெகுவாகத் தாழ்ந்தோரும் உளர். உடல் பருத்தால் இறக்கம் வேகமாகும். நீரிழிவு சேர்ந்தால் இன்னும் வேகமாகும். ஆகவே "வயதானால் எல்லாருக்கும் இது தீர்ந்துபோகும், ஊற்றி நிரப்ப வேண்டியதுதான்" என்னும் விளம்பரக்காரரின் வாதம் அரை உண்மையே. கைத்தொலைபேசியைத் திறந்தால், "களைப்பா? மறதியா? முன்போல உற்சாகம் இல்லையா? உமக்கு ஓமோன் குறைவு!" என்று கூவும் விளம்பரங்கள் இப்போது மலிந்துவிட்டன. அறுபத்தைந்து வயதில் களைப்பில்லாத மனிதர் எவர்?

முதுமையை ஊசியால் விரட்டும் ஆசை இன்று பிறந்ததன்று. 1889 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி, பாரிஸ் நகரத்து உயிரியற் சங்கத்தில் முதிய விஞ்ஞானி ஒருவர் எழுந்து ஒரு செய்தி கூறினார். அவர் பெயர் சார்ல்ஸ் எட்வேர்ட் பிரவுண்-செக்கார். நம்மைப் போலவே இந்து சமுத்திரத் தீவொன்றில், மொரிசியஸின் போர்ட் லூயிஸ் பட்டினத்தில், 1817 இற் பிறந்தவர். முள்ளந்தண்டு வடத்தைப் பற்றிய ஆராய்ச்சியாற் பெரும்புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 72. நாயினதும் கினிப்பன்றியினதும் விதைகளை நீரிற் கசக்கி வடித்தெடுத்த சாற்றைத் தம் தோலின்கீழ் ஏற்றிக்கொண்டதாகவும், அதன்பின் படிகளில் ஓடியேற முடிவதாகவும், ஆய்வுகூடத்தில் மணிக்கணக்காக நிற்க முடிவதாகவும், கைகளின் பலம் கூடியதாகவும் சொன்னார். மலச்சிக்கல் நீங்கியதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. சபையிலிருந்தவர்களிற் பலரும் முதியவர்களே. செய்தி பத்திரிகைகளிற் பரவியது. சில மாதங்களுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சாறு விலைப்பொருளாயிற்று.

2002 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர் அவர் எழுதிவைத்த முறைப்படியே சாறு வடித்து அளந்து பார்த்தனர். அதிலிருந்த ஓமோனின் அளவு எந்தப் பயனையும் தரப் போதாது என்று கண்டனர். வியப்பதற்கில்லை. இவ்வோமோன் நீரிற் கரைவது மிக மிகச் சொற்பம். விதைகளும் அதைச் சுரந்தவுடன் குருதியில் விட்டுவிடுமேயன்றிச் சேமித்து வைப்பதில்லை. அப்படியானால் அந்தப் பெரியவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் தம் உடலில் உணர்ந்ததை உள்ளபடியே சொன்னார். நம்பிக்கையோடு ஏற்றிய வெறும் சாறும் மாடிப்படியில் ஏறவைக்கும். "எனக்குச் சுகமாயிருக்கிறது" என்று ஒருவர் சொல்வது உண்மையாயிருக்கும். ஆயினும் அந்தச் சுகம் மருந்தினால் வந்ததா என்பது வேறு கேள்வி. ஓமோன் சிகிச்சையைப் பற்றிய ஒவ்வொரு பேச்சிலும் இந்த மொரிசியஸ் பெரியவர் ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

காளையைக் காயடித்தால் சாந்தமாகும், சேவலைக் காயடித்தால் கொண்டை சுருங்கும் என்பது உழவர் ஆதிமுதல் அறிந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர் 1849 இல் காயடித்த சேவலின் வயிற்றுள் விதையை மீண்டும் ஒட்டவைத்து, கொண்டையும் கூவலும் திரும்புவதைக் காட்டினார். உண்மையான ஓமோன் கைக்கு வந்தது 1935 இலேதான். அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லக்குவேர் குழுவினர் காளைகளின் விதைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். அதே ஆண்டில் அடொல்ப் பூட்டெனாண்ட், லெயோபோல்ட் ருஸீக்கா ஆகிய இருவரும் தனித்தனியே அதைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். இருவருக்கும் 1939 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. ஹிட்லரின் அரசு தடுத்தமையால் பூட்டெனாண்ட் அப்போது அதனை ஏற்க முடியவில்லை. ஆக, மருந்து கையிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளாகின்றன. யாருக்கு அது வேண்டும் என்னும் கேள்விக்கே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வைத்தியரின் அறைக்குள் வருவோம்.

"உடம்பில் முந்திய தென்பு இல்லை, டாக்டர்" என்று பெரியவர் தொடங்குகிறார் என வைத்துக்கொள்வோம். நல்ல வைத்தியர் உடனே ஓமோனைப் பற்றிப் பேசமாட்டார். "எப்போதிருந்து, ஐயா? இரவில் நித்திரை எப்படி? குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் யாராவது சொன்னதுண்டா? மனத்தில் ஏதும் பாரம் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போவார். பெரியவருக்கு இது சுற்றி வளைத்த பேச்சாகத் தோன்றும். அது அவ்வாறன்று. களைப்பு, சோர்வு, ஞாபகக் குறைவு, தசை மெலிவு ஆகியவை ஓமோன் குறைவிலும் வரும். குருதிச்சோகையிலும், தைரொயிட் சுரப்பி மந்தமாவதிலும், நீரிழிவிலும், மனச்சோர்விலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயிலும் வரும். மனைவியை இழந்து ஒரு வருடமாகாத மனிதருக்கும் வரும். அவருக்கு ஊசி எழுதிக் கொடுப்பதிலும் பார்க்க, அவர் மகளை அழைத்துப் பேசுவது மேலான வைத்தியமாயிருக்கலாம்.

ஓமோன் குறைவைத் தெளிவாகச் சுட்டும் அறிகுறிகள் எவை? ஐரோப்பிய நாடுகள் எட்டில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்கள் 3,369 பேரை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. மூன்று அறிகுறிகளே ஓமோன் குறைவுடன் இறுக்கமாகப் பொருந்தின: காலையில் எழும்போது இயல்பாக உண்டாகும் ஆணுறுப்பின் விறைப்பு அருகிப்போதல், இல்லற உறவில் நாட்டம் குறைதல், உறவின்போது விறைப்பு நிலையாமை. இம்மூன்றுடன் குருதியில் ஓமோனும் உண்மையிற் குறைந்திருந்தோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. விளம்பரங்கள் சொல்லும் கணக்குக்கும் இதற்கும் எத்துணைத் தூரம்!

பெரியவர்கள் வாயில் எளிதில் வராத சொற்கள் இம்மூன்றிலுமே அடங்கியிருக்கின்றன என்பதுதான் சங்கடம். முழங்காலைச் சொல்லிவிடலாம், மறதியைச் சொல்லிவிடலாம், இதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் இருட்டிலே துழாவவேண்டியதுதான். வாயாற் சொல்ல இயலாதவர் ஒரு துண்டுத் தாளில், "இல்லற உறவில் நாட்டமில்லை, விறைப்பு நிற்பதில்லை, ஆறு மாதமாக" என்று எழுதி, நாற்காலியில் அமர்ந்தவுடனேயே நீட்டிவிடலாம். வைத்தியர் சிரிக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் அவர் கேட்பதுதான் இது. தாதி வெளியே போகட்டும் என்று கேட்பதற்கும் உரிமையுண்டு. வைத்தியர் வயதில் இளையவராகவோ பெண்ணாகவோ இருந்தால் நம்மவர்களுக்குக் கூச்சம் இரட்டிக்கும். அப்படியானால் வேறு வைத்தியரைத் தேடிக்கொள்வதிற் குற்றமில்லை. சொல்லாமல் விடுவதிலேயே கேடு.

கேடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஆணுறுப்புக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள், இருதயத்தைப் போஷிக்கும் நாடிகளிலும் பார்க்க ஒடுங்கியவை. நாடிகளுக்குள் கொழுப்புப் படியத் தொடங்கினால், ஒடுங்கிய நாடியே முதலில் அடைபடும். ஆகவே விறைப்புக் குறைவு, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்து நிற்கும் தூதனாக அமைவதுண்டு. நீரிழிவும் இவ்வழியாலேயே முதன்முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும். இந்நிலையிலுள்ள ஒருவர் வெட்கத்தால் வைத்தியரைத் தவிர்த்து, எங்கோ விற்கும் "ஆண்மைச் சூரண"த்தை இரகசியமாக வாங்கி உண்பாராயின், தூதனின் வாயை அடைத்துவிட்டுப் பகைவனுக்குக் கதவைத் திறந்துவைத்தவர் ஆகிறார். மூலிகை என்று பெயரிட்டு விற்கப்படும் இத்தகைய மருந்துகள் சிலவற்றில், சில்டெனாபில் என்னும் ஆங்கில மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தமையைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டாளர் கண்டுபிடித்துள்ளனர். நெஞ்சுநோவுக்கு நாவின்கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையை உபயோகிப்பவர் அதனுடன் சேர்த்து இதையும் உட்கொண்டால், இரத்த அமுக்கம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே பரியாரியார் தந்த இலேகியமாயினும், நண்பர் தந்த பொடியாயினும், உண்பது அனைத்தையும் வைத்தியரிடம் சொல்லிவிடுதல் வேண்டும். உட்கொள்ளும் ஆங்கில மருந்துகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டவேண்டும். நீண்டகாலம் உண்ணும் கடும் நோவு மருந்துகளும், ஈளைக்குத் தரும் ஸ்டெரொயிட் குளிசைகளும் ஓமோனைத் தாழ்த்தக்கூடியவை. மதுவும் அவ்வாறே.

இவ்வளவும் கேட்டபின்னரே இரத்தப் பரிசோதனை. இதிலும் ஒரு முறை உண்டு. இளம் வயதினருக்கு ஓமோன் விடியற்காலையில் உயர்ந்து மாலையில் தாழும்; முதியோருக்கு இந்த ஏற்றத் தாழ்வு சிறிதாயினும் இல்லாமற் போவதில்லை. உணவு உண்டாலும் குறையும். ஆகவே காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தல் வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ கண்டு தேறும் நாட்களில் எடுத்தால் அளவு பொய்யாகத் தாழ்ந்திருக்கும். ஒருமுறை குறைவாக வந்தாற் போதாது. இன்னொரு நாள் மீண்டும் எடுத்து, இரண்டாவதும் குறைவாக இருந்தாலே குறைவெனக் கொள்வர். மாலையில் தேநீரும் வடையும் உண்டபின் போய் இரத்தம் கொடுத்துவிட்டு, வந்த எண்ணைப் பார்த்து மனமுடைந்து போவது வீண் வேலை.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பரிசோதனைக்கூடம் 300 என்று எழுதும், இன்னொன்று 10.4 என்று எழுதும். இரண்டும் ஒன்றே. முன்னது ஒரு டெசிலீற்றரில் உள்ள நனோகிராம் கணக்கு. பின்னது ஒரு லீற்றரில் உள்ள நனோமோல் கணக்கு. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் சங்கம் 300 இற்குக் கீழே போனால் குறைவென்கிறது. அங்கேயே ஓமோன் வைத்தியர்களின் சங்கம் 264 என்கிறது. ஆக 280 என்று தாளில் வந்த ஒருவர், ஒரு சங்கத்தாரின் கணக்கில் நோயாளர். மற்றச் சங்கத்தாரின் கணக்கிற் சுகதேகி! இதனாலேயே, எண்ணை மட்டும் கண்டு மருந்தெழுதும் வைத்தியரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்கிறேன்.

உண்மையான குறைவு என்று உறுதிப்பட்டால், குற்றம் விதையிலா, ஏவல் கொடுக்கும் கபச்சுரப்பியிலா என்று அறிய வேறு சில ஓமோன்களையும் அளப்பர். இளமையிற் கூகைக்கட்டு வந்து விதைகளைத் தாக்கியிருத்தல், புற்றுநோய்ச் சிகிச்சை, விதைகள் அகற்றப்பட்டிருத்தல், பிறவிக் குறை, கபச்சுரப்பியிற் கட்டி ஆகியவற்றால் நேர்ந்த குறைவாயின், ஓமோன் கொடுப்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அது நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் கொடுப்பது போன்றது. வழக்கெல்லாம், வேறு காரணம் ஒன்றும் தோன்றாமல் முதுமையோடு மெல்லத் தாழ்ந்தவர்களைப் பற்றியதுதான்.

அவர்களுக்குப் பயன் உண்டா? 2016 இல் அமெரிக்காவில் முடிவு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று இதனை நேராகவே சோதித்தது. 65 வயதுக்கு மேற்பட்ட, ஓமோன் குறைந்த ஆண்கள் 790 பேர். அவர்களைத் தெரிந்தெடுக்கக் கடும் நிபந்தனைகளுடன் 51,085 பேரைச் சல்லடையிட்டனர். பாதிப்பேருக்கு ஓமோன் கலந்த ஜெல் என்னும் களிம்பு. மறுபாதிப்பேருக்கு அதே தோற்றமுடைய வெறுங் களிம்பு. யாருக்கு எது என்பது பூசியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. பிரவுண்-செக்காரின் மயக்கத்துக்கு இதுவே மாற்று. ஓராண்டு பூசினர். இல்லற நாட்டமும் விறைப்பும் ஓமோன் பூசியவர்களுக்கு ஓரளவு கூடின. விறைப்புக்கென்றே உள்ள குளிசைகள் தரும் பயனிலும் அது குறைவே. மனநிலை சிறிது தெளிந்தது. களைப்போ, ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்த அளவுக்கு நீங்கவில்லை. நடக்கும் தூரத்திலும் பெரிய வேறுபாடில்லை. 2017 இல் வெளிவந்த தொடர்ச்சியில், ஞாபகசக்தி சற்றும் கூடவில்லை என்று காணப்பட்டது. குருதிச்சோகை உள்ளவர்களுக்கு அது குறைந்தது. எலும்பின் அடர்த்தி கூடியது. அதே வேளையில் இருதய நாடிகளிற் படியும் படிவும் கூடியது.

இந்தக் கடைசிச் செய்தியாற் கிளம்பிய அச்சம் சிறிதன்று. அதற்கு விடை காண, மாரடைப்பு முன்பே வந்தவர்களும் வரக்கூடியவர்களுமாக 45 முதல் 80 வயதுக்குட்பட்ட 5,246 பேரைச் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை ஓமோன் பூசியோரில் 7.0 சதவீதத்தினருக்கும், வெறுங் களிம்பு பூசியோரில் 7.3 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. பெரிய அச்சம் தணிந்தது. ஆயினும் நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் நோயும், நுரையீரல் நாடியிற் குருதிக்கட்டி அடைத்தலும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் ஓமோன் பூசியோரிற் சற்றே மிகுதி. இருசாராரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே பூசுவதை விட்டுவிட்டனர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதி 2024 இல் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஓமோன் எலும்பை அடர்த்தியாக்கும் என்பது முன்பே கண்டதல்லவா? ஆகவே எலும்பு முறிவு குறையும் என்றே எதிர்பார்த்தனர். எண்ணிப் பார்த்தபோது, ஓமோன் பூசியோரில் 3.5 சதவீதம், வெறுங் களிம்பு பூசியோரில் 2.46 சதவீதம். குறையவில்லை, கூடியிருந்தது! ஏனென்று எவருக்கும் தெளிவாகவில்லை. உற்சாகம் பெற்றவர்கள் ஏணியிலும் மரத்திலும் ஏறிவிட்டார்களோ என்று ஓர் ஊகமும் உண்டு. விஞ்ஞான மாணவர்கள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: எலும்பின் அடர்த்தி ஒன்று, எலும்பு முறியாமை வேறொன்று.

இவ்விரு முடிவுகளும் வெளிவருமுன்னரே, அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2020 இல் ஓர் அறிவுரை வெளியிட்டது. வயதினாற் குறைந்தவர்களுக்கு, இல்லற உறவுக் குறை இருந்து, அது தீரவேண்டுமென்று அவரே விரும்பினால், நன்மை தீமைகளைப் பேசி இச்சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாம். களைப்பு நீங்கவோ, பலம் பெருகவோ, ஞாபகம் கூடவோ இதனைக் கொடுக்க வேண்டாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. "அவரே விரும்பினால்" என்ற சொற்களைக் கவனியுங்கள். அறுபத்தெட்டு வயதில் தாமும் மனைவியும் அமைதியாக இருக்கிறோம், ஒரு குறையுமில்லை என்று சொல்பவருக்கு, தாளில் எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், உறவுக்கென்று மருந்து எதற்கு? அதேபோல், எழுபதிலும் இது தம் இல்லறத்துக்கு முக்கியம் என்று கருதுபவரை, "இந்த வயதில் உமக்கேன் இது?" என்று கேட்பதற்கும் எவருக்கும் உரிமையில்லை, வைத்தியருக்குமில்லை. இயலுமாயின் மனைவியையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவர் கருத்தைக் கேளாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவே. குறட்டையின் கதையையும் அவரே நன்கறிவார்.

மருந்து வேண்டுமென்றால், யாருக்கு ஆகாது என்பதைத் தெரிந்திருத்தல் வேண்டும். புரொஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் உள்ளவருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. விதைகளை அகற்றினால் பரவிய புரொஸ்டேட் புற்று ஒடுங்கும் என்று 1941 இற் காட்டியவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966 இல் நோபல் பரிசு பெற்றார். நெருப்புக்கு நெய்யாகுமோ என்ற அச்சம் அன்றிலிருந்தே வருகிறது. புற்று இல்லாதவருக்கு ஓமோன் புதிதாக அதனை உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும் முன்னும் பின்னும் அச்சுரப்பியைச் சோதித்துக்கொள்வர். மார்பிற் புற்று உள்ளவர், கடந்த ஆறு மாதத்துள் மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவர், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் கடுமையாயிருந்தும் சிகிச்சை பெறாதவர் ஆகியோரும் காத்திருக்க வேண்டியவர்களே. ஓமோன் செங்குழியங்களைப் பெருக்கும். குருதியில் அவற்றின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் குருதி தடித்துவிடும். மருந்தை நிறுத்த வேண்டும். ஆகவே தொடங்குமுன் ஒரு தரமும், மூன்று முதல் ஆறு மாதத்துள் ஒரு தரமும், பின்னர் ஆண்டுதோறும் இரத்தம் கொடுக்கவேண்டும். இரத்த அமுக்கம் ஏறுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இளைய வயதில் இரண்டாந் தாரம் மணந்தோர் கேட்டறிய வேண்டிய ஒன்றுண்டு. வெளியிலிருந்து ஓமோன் வந்தால் குழந்தைப் பேறு பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். நேர்மாறு! முன்சொன்ன துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திக்கு வேறு வழியால் நீர் வந்து நிரம்பினால், துலா மிதிப்பவர் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார். கபச்சுரப்பியின் ஏவல் ஓய்ந்து, விதைகள் சுருங்கி, விந்தணு உற்பத்தி குன்றிவிடும். பிள்ளை வேண்டுவோர் இதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

களிம்பைத் தெரிந்தெடுப்போர் வீட்டிற் சிறுவர் இருந்தால் இதையும் கருதவேண்டும். தோளிற் பூசிய களிம்பு காயாமலும் மூடப்படாமலும் இருக்கையில் பேரப்பிள்ளை வந்து தோளிற் சாய்ந்தால், ஓமோன் அந்தப் பிஞ்சுத் தோலிலும் ஏறும். இவ்வாறு தொற்றியதால் சின்னஞ் சிறுவர்களுக்கு அகாலத்தில் உரோமம் முளைத்தலும் உறுப்பு வளர்ச்சியும் கண்டமையால், 2009 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர் அக்களிம்புகளிற் கடும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தனர். பூசியதும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், பூசிய இடத்தை உடையால் மூடுதல், பிள்ளையைத் தூக்குமுன் அவ்விடத்தைக் கழுவுதல் ஆகிய மூன்றும் தவறக்கூடாதவை. கர்ப்பிணியான மருமகள் வீட்டிலிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம்மவர் வீடுகளில் வெயிற் காலத்தில் மேற்சட்டையின்றி இருப்பதும், பேரப்பிள்ளைகள் மேலேறி விளையாடுவதும் வழக்கமாதலால், எனக்கென்னவோ ஊசியே பத்திரம் என்று படுகிறது. அது செலவிலும் குறைவாயிருக்கும் என்று அந்த 2020 ஆம் ஆண்டு அறிவுரையும் கூறியது.

எடை மிகுந்தவர்களுக்கு மருந்துக்கு முன்னதாக இன்னொரு வழியும் உண்டு. உடற்பருமன் குறையக் குறைய ஓமோன் தானாகவே ஓரளவு உயரும். மாலையில் ஒரு மணி நேர நடையும், சோற்றின் அளவைக் குறைப்பதும், குறட்டை நோய்க்குச் சிகிச்சையும் சில மாதங்களுக்கு நடக்கட்டும், பிறகு மறுபடி அளப்போம் என்று வைத்தியர் சொன்னால், தட்டிக்கழிக்கிறார் என்று எண்ணவேண்டாம்.

சிகிச்சை தொடங்குபவர், தொடங்கும் அன்றே முடிவையும் பேசிக்கொள்வது நன்று. எந்தக் குறைக்காகத் தொடங்குகிறோம், அது தீர்ந்ததா என்பதை எப்போது பார்ப்போம் என்று வைத்தியரிடம் கேட்டுத் திகதியுடன் குறித்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் அந்தக் குறையில் மாற்றம் காணாவிட்டால் மருந்தை நிறுத்துவதே மேற்சொன்ன அறிவுரை. நிறுத்தும்போதும் வைத்தியர் அறிய நிறுத்த வேண்டும். துலா மிதிப்பவர் மீண்டும் தோட்டத்துக்கு வந்து சேரச் சில மாதங்கள் செல்லும், அதுவரை சோர்வு முன்னிலும் மிகுந்து தோன்றலாம்.